எண்ணெய்த் தலையோடு திரும்புகிறவர்

தென்காசியில் நான் செய்த முதல் காரியத்தை நானே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம், "இந்த ஊர்ல சிக்னல் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருச்சியில் பொறியியல் முடித்துவிட்டு வந்திருந்தேன். வேலை உத்தரவில் சாலைத்துறை, போக்குவரத்துப் பிரிவு என்று போட்டிருந்தது. போக்குவரத்து என்றால் சிக்னல், சிக்னல் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆபீசும் இருக்கும் என்பது என் கணக்கு. முதல் வகுப்பில் தேறியவனின் கணக்கு.

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "சிக்னலா? நேராப் போங்க. ரயில்வே ஸ்டேஷன் வரும். அங்கன நிக்கி."

அவமானம் கேள்வியில் இல்லை. நான் போனேன், அதில்தான் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்து, கைகாட்டி மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன். டீக்கடையைத் தாண்டும்போது மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "இருந்துச்சா?" என்று அவர் அக்கறையாகவே கேட்டார்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத ஒரே மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஆபீஸ் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. அவர்தான் அதற்குப் பெரிய அதிகாரி. சின்ன அதிகாரி நான். வேறு அதிகாரிகள் இல்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நீள மூக்கு. வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. நான் சிக்னல் தேடிய கதையைக் கேட்டதும் சற்று யோசித்தார்.

"ரோட்டு சிக்னல் இன்னும் வரல தம்பி. வரும்."

"எப்ப சார்?"

"வண்டி வந்த பொறவு."

மத்தியானம் சாப்பிடக் கிளம்பினோம். வாசல் குறுகல். அவர் ஒதுங்கி நின்று கையை நீட்டி, "நீங்க போங்க," என்றார். மேலதிகாரிக்கு முன்னால் போவதா? "நீங்க போங்க சார்," என்றேன். "இல்ல, நீங்க போங்க." இப்படியே நின்றோம். டீ வாங்கப் போயிருந்த பியூன் தூக்குவாளியோடு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே உள்ளே போய், டீயை வைத்துவிட்டு, அதே நடுவே வெளியேயும் போனார். கடைசியில் நான்தான் தோற்றேன். அவரிடம் எல்லோரும் அப்படித்தான் தோற்பார்கள், அதாவது முன்னால் போய்விடுவார்கள்.

இந்த "நீங்க போங்க"வைத் தவிர அந்த மனிதரிடம் வேறு குணம் இருந்ததா என்று இப்போது தேடிப் பார்க்கிறேன். எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

மெஸ்ஸில் கை கழுவும் இடத்தில் வரிசை நிற்கும். அவர் முறை வரும்போது பின்னால் யாராவது அவசரமாக வந்து நிற்பார்கள். "நீங்க போங்க." பந்தியில் உட்காரும்போதும் அதே. அவருக்கு இலை போடும்போது சாம்பார் முடிந்திருக்கும். ரசத்தை ஊற்றிக்கொண்டு, மெஸ் அண்ணாச்சியைப் பார்த்து, "இன்னைக்கு சாம்பார் வாசம் நல்லா இருந்தது," என்பார். வாசம் பிடித்ததைச் சாப்பிட்ட கணக்கில் சேர்க்கிறவர்.

"எய்யா, ஒம்ம மாதிரி நாலு பேரு இருந்தா நான் சாம்பாரே வைக்காண்டாம்," என்பார் அண்ணாச்சி.

சொந்த ஊர் ராயகிரிப் பக்கம். வடக்கே ஏதோ ஊருக்குப் போய், போக்குவரத்துப் பொறியியலை மட்டும் தனியாகப் படித்துவிட்டு வந்தவர். துறைக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. கல்யாணத்தில் வந்த வெள்ளிக் குத்துவிளக்கைப்போலப் பத்திரமாக ஒரு மூலையில் வைத்தார்கள். மூலையின் பெயர் தென்காசி. பிறகு அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதவி உயர்ந்து போனார்கள். அதிலும் ஒரு முறை பெரிய ஆபீசிலிருந்து விசாரித்தபோது, தனக்குக் கீழே இருந்த ஒருவரைக் காட்டி, "அவருக்குக் குழந்தை குட்டி இருக்கு. அவரு போகட்டும்," என்று இவரே சொன்னாராம். வீட்டில் தம்பிக்குக் கல்யாண அவசரம் வந்தபோதும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். தம்பி போய்விட்டான். அண்ணன் அங்கேயே நின்றார்.

எங்கள் வேலை என்னவென்றால், சாலையோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை வகை பிரித்துக் கோடு போடுவது. லாரி, பஸ், கார், மாட்டு வண்டி, சைக்கிள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புளியறைச் செக்போஸ்ட்டில் என்னை உட்கார வைத்தார். சாலை என்னும் அறிவியலின் வாசலில் நிற்பதாக நினைத்து நான் சிலிர்த்திருந்த சமயத்தில் ஒரு மாடு வந்தது. வண்டி கிடையாது. ஆளும் கிடையாது. தனியாக, கேரளாவை நோக்கி, நிதானமாக நடந்தது. இது வாகனமா, பாதசாரியா? மாலையில் அவரிடம் கேட்டேன்.

"ரோட்டுக்கு நடுவுல போச்சா, ஓரமாப் போச்சா?"

"ஓரமா சார்."

"அப்ப பாதசாரி," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

குற்றாலம் பக்கத்திலேயே இருக்கிறது. சாரல் தொடங்கிவிட்டால் ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அங்கே ஓடும். அவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வழிய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக் கிளம்புவார். ஒரு முறை கூடப் போனேன். பெரிய அருவியில் ஆண்கள் பக்கம் தோளோடு தோள் முட்டி நின்றார்கள். கூட்டம் நகர்ந்து நகர்ந்து அவர் தண்ணீருக்குக் கைநீட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு தாத்தா நடுங்கிக்கொண்டே வந்தார். "நீங்க போங்க." பிறகு கைக்குழந்தையோடு ஒருவர். "நீங்க போங்க." பிறகு ஊருக்குப் பஸ் போய்விடும் என்று ஒரு கோஷ்டி. அந்தக் கோஷ்டியோடு நானும் உள்ளே போய், குளித்து, துவட்டி, சட்டையும் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் அதே இடத்தில் நின்று வழி விட்டுக்கொண்டிருந்தார்.

"போலாமா தம்பி?" என்றார்.

தலையில் எண்ணெய் மினுங்க, நெற்றியில் சாரல் பட்டுத் தெறித்த துளிகளோடு பஸ் ஏறினார். தென்காசியில் அவருடைய அறைக்குப் பின்புறம் இருந்த குழாயடியில் சீயக்காய் போட்டுக் குளித்தார். குற்றாலம் போய்விட்டு எண்ணெய்த் தலையோடு திரும்புகிற ஒரே ஆள் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

சீசன் முடிந்த பிறகும் அவர் குற்றாலம் போவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாசி, பங்குனியில் அந்த ஊரைப் பார்த்தவர்கள் குறைவு. லாட்ஜ்கள் பூட்டிக் கிடக்கும். எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள் வேறு பிழைப்புக்குப் போயிருப்பார்கள். பாறையில் ஈரக் கறை மட்டும் இருக்கும். குரங்குகள், இனி யாரிடம் பிடுங்குவது என்று உட்கார்ந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு அருகே மூன்று ரோடு கூடும் இடத்தில் ஒரு மதகுச் சுவரின்மேல், குடையைப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்திருந்தார். வண்டி ஒன்றும் வரவில்லை.

"என்ன சார் பார்க்குறீங்க?"

"ரோட்டை. வண்டி இல்லாதப்பத்தான் ரோடு தெரியும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வயதில் எனக்குத் தனிமை என்றால் சாயங்காலத்தில் வரும் ஒரு சிறு கோளாறு. சினிமாவுக்குப் போனால் சரியாகிவிடும். அவருக்கு அப்படி இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் அறையில் ஒரே ஒரு நாற்காலி. யாராவது வந்தால் அதைக் கொடுத்துவிட்டு அவர் நிற்பார். நிற்கிறவர் முன்னால் எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? அதனால் யாரும் அதிகம் வருவதில்லை.

"ஏன் சார் எல்லாருக்கும் வழி விடுறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"எல்லாரும் போனா ஒருத்தரும் போக முடியாது தம்பி. யாராவது ஒருத்தர் நிக்கணும்."

"அது ஏன் எப்பவும் நீங்க?"

சாய்ந்திருந்த குடையை நேராக்கி வைத்தார். "வேற யாரும் நிக்கலையே," என்றார்.

அந்த மதகுச் சுவரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் கண்டுபிடித்ததுதான் குற்றாலத்தின் ஒருவழிப் பாதை. சீசனில் தென்காசி ரோடும் இலஞ்சி ரோடும் எதிரெதிர் வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். அவர் யோசனை மிக எளிது: எல்லா வண்டிகளும் தென்காசியிலிருந்து மேலகரம் வழியாக வரட்டும், திரும்பும்போது இலஞ்சி வழியாகப் போகட்டும். இதை மேலே ஒப்புக்கொள்ள வைக்கச் சில வருடம் ஆனது. கடைசியில், சீசனின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு.

அதே ஞாயிற்றுக்கிழமைக்கு அவருடைய அக்காவும் ஒன்று ஏற்பாடு செய்திருந்தாள்.

இலஞ்சியில் ஒரு டீச்சர். முப்பது தாண்டியும் கல்யாணம் தள்ளிப்போயிருந்தவர். போட்டோக்கள் கை மாறி, இரண்டு பக்கமும் சரி என்றாகிவிட்டது. குற்றாலம் கோயிலில் வைத்து ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அங்கேயே பூ வைத்துவிடுவது என்று பேச்சு. நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள். அந்த ஞாயிறை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் பூ வைக்க மாட்டார்கள். ஆவணிவரை பொறுக்கிற வயதா அவருக்கு? அக்கா ராயகிரியிலிருந்து மல்லிகைப்பூவோடு வந்து என்னிடம் சொன்னாள்: "தம்பி, அவன நாலு மணிக்கு கோயிலுக்குக் கூட்டியாந்துரு. ரோட்டப் பாத்துக்கிட்டே நின்னுரப் போறான்."

ஒருவழிப் பாதையைப் பற்றிக் கல்யாணத் தரகரிடம் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தரகர் அதைப் பெண்ணின் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா அதை நம்பவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலையிலிருந்து இலஞ்சி முனையில் நின்றோம். சாரல். அவர் கையில் குடை, என் கையில் சிவப்புக் கொடி. குற்றாலம் போக வந்த வண்டிகளையெல்லாம் தென்காசிப் பக்கம் திருப்பி விட்டார். வழி விட்டே பழகியவர் வழி மறிப்பதைப் பார்க்க எனக்கே புதுசாக இருந்தது. வைக்கோல் வண்டிக்காரர் ஒருவரையும் திருப்பினார். அவர் போகவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, அங்கிருந்த ஒரு மதகில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

"கார்க்காரன் வரட்டும். அவனையும் நிறுத்துதாரான்னு பாத்துட்டுத்தான் போவேன்," என்றார் எங்கள் காதுபட.

மூன்று மணி இருக்கும். இலஞ்சி ஊருக்குள்ளிருந்து ஒரு அம்பாசடர் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்னவே, ரோட்ட அடைச்சுட்டு நிக்கீரு?"

"ஒருவழிப் பாதை அய்யா. தென்காசி போயி மேலகரம் வழியா வரணும்."

"ரோடு என்ன ஆறா, ஒரு பக்கமா மட்டும் போகதுக்கு? இந்தா இருக்கு குத்தாலம். கோயில்ல மாப்பிள பாக்கப் போறோம். வழிய விடும்."

கோயில், மாப்பிள்ளை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. என் அதிகாரியின் காதருகே போய், "சார், இது உங்க..." என்றேன்.

"தெரியும்," என்றார்.

"விட்டுருங்க சார். ஒரே ஒரு கார்."

அவர் மதகுப் பக்கம் பார்த்தார். வைக்கோல் வண்டிக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில இருந்து எல்லாரையும் நிறுத்தியாச்சு தம்பி. இவங்கள மட்டும் எப்படி விட?"

"அப்ப நீங்க யாருன்னாவது நான் சொல்றேன் சார்." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

பெரியவர் இறங்கிவிட்டார். "இன்னைக்கு என்ன கெழம? ஞாயித்துக்கெழம. மேக்க சூலம். இங்கன இருந்து போனா தெக்க பாத்துப் போவேன், தோசம் இல்ல. தென்காசி போயித் திரும்புனா மேக்க பாத்துலா வரணும்? நல்ல காரியத்துக்குப் போறவன் சூலத்துல போயி முட்டவா?"

வருஷக் கணக்காக அந்தச் சாலையின் அகலம், வளைவு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் யோசித்தவர், சூலத்தை யோசிக்கவில்லை. வடக்கே அந்தப் பாடம் நடத்தவில்லை போலிருக்கிறது. முதல் முறையாக அவர் முகத்தில் குழப்பத்தைப் பார்த்தேன். சூலத்துக்குப் பரிகாரம் உண்டு, மேற்குச் சூலத்துக்கு வாயில் இனிப்பாக எதையோ போட்டுக்கொண்டால் போதும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். எதிரே இருந்த காப்பிக் கடைக்கு ஓடி ஒரு இனிப்புக் கட்டி வாங்கி வந்து பெரியவரிடம் நீட்டினேன்.

அவர் அதை மோந்து பார்த்தார். "ஏல, இது கருப்பட்டிலா! சூலத்துக்கு வெல்லம்லா திங்கணும்! எந்த ஊருக்காரம்ல நீ?"

டிரைவர் சிரித்தார். வைக்கோல் வண்டிக்காரர் சிரித்தார். நாங்கள் இரண்டு பேர் சிரிக்கவில்லை. காரின் பின்சீட்டுக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. அடர்ந்த கனகாம்பரம், மூக்குக்கண்ணாடி. அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என் அதிகாரியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையைப் பெரியவர் தலைக்கு மேல் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டு, தென்காசிப் பக்கம் கையை நீட்டினார்.

"நீங்க போங்க."

கார் திரும்பிப் போயிற்று. வைக்கோல் வண்டிக்காரர் எழுந்து மாட்டைப் பூட்டினார். "நல்ல மனுசன்தான்," என்று சொல்லிவிட்டுத் தென்காசிப் பக்கமே போனார். இந்த உலகத்தில் அவருடைய ஒருவழிப் பாதையை மனதார ஏற்றுக்கொண்ட ஒரே ஆள்.

கொடியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நாங்கள் குற்றாலம் கிளம்பினோம். அவரிடம் சைக்கிள் இருந்தது. ஏறவில்லை. ஏறினால் வாகனம், உருட்டினால் பாதசாரி. எதிரே வந்த வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, சாரலில் நனைந்துகொண்டே அந்தத் தூரம் முழுவதும் உருட்டினார்.

கோயில் மண்டபத்தில் அக்கா பூவும் தட்டுமாக உட்கார்ந்திருந்தாள். "எங்கல அவங்களக் காணோம்?" என்றாள்.

"வருவாங்கக்கா. வழி கொஞ்சம் சுத்து."

நாலரை ஆயிற்று. கார் வரவில்லை. பூப் பொதிந்து வந்த வாழையிலையை அக்கா மறுபடி மடித்தாள். நடந்ததை நான் சொன்னதும் கோயில் என்றும் பார்க்காமல் கத்தினாள்.

"ஊருக்கெல்லாம் வழி விட்டியே, ஒனக்குப் பொண்ணு கொண்டாந்த காருக்கு மட்டும் மறிச்சிட்டியேல! கூறு இருக்கால ஒனக்கு? கூறு கெட்ட மூதி! இனி நான் வர மாட்டேன், பாத்துக்கோ."

அவர் தூணோரம் நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். கோயிலுக்குப் பக்கத்தில்தான் பெரிய அருவி. சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "நீங்க போய் குளிச்சுட்டு வாங்க தம்பி, நான் இங்கன இருக்கேன்," என்றார் என்னிடம். அன்றைக்கு அவர் நனைந்தது சாரலில் மட்டும்.

அடுத்த ஞாயிறு ஒருவழிப் பாதை இல்லை. சோதனை அந்த ஒரு நாளோடு முடிந்தது. இலஞ்சி முனையில் வைத்த பலகை, காப்பிக் கடையில் பெஞ்சானது. ஆவணியிலும் யாரும் வரவில்லை. சில மாதத்தில் வட மாவட்டம் ஒன்றுக்கு மாற்றல் வந்தது அவருக்கு. வழியனுப்பப் போனேன். மதுரை பஸ்ஸின் கூரையில் அவருடைய டிரங்குப் பெட்டியைக் கூலியாள் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்தன. வாசலில் கூட்டம் முட்டியது. "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஒதுங்கியே நின்றார். கண்டக்டர் விசிலடித்தார். பெட்டி போய்விட்டது. இவர் நின்றார். குடையை ஊன்றிக்கொண்டு, "பெட்டிக்கு எடம் கிடைச்சிருச்சு," என்றார் என்னிடம். அடுத்த பஸ்ஸில் ஏறினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு மறுபடி தென்காசி வாய்த்தது. இந்த முறை பெரிய அதிகாரி நான். முன்வழுக்கை, மூக்குக்கண்ணாடி, சிக்னல் எங்கே என்று யாரிடமும் கேட்காத பக்குவம். இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் வேகத்தடை வேண்டுமென்று தலைமையாசிரியை ஆபீசுக்கு வந்து வந்து கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நேரில் போனேன். இந்த ரோட்டை எனக்குத் தெரியும், ஒரு சீசனில் அந்த முனையில் கொடி பிடித்து நின்றிருக்கிறேன் என்று பெருமையாக ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தக் கருப்பட்டி நீங்கதானா?"

நாற்காலியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் உட்கார்ந்தேன். டீச்சருக்கு அதற்கப்புறம் கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. எனக்கோ, இத்தனை வருடம் நெஞ்சில் வைத்துச் செதுக்கிய ஒரு சோகக் கதை இருந்தது. சூலம், ராகுகாலம், ஒரு நல்ல மனிதரின் நேர்மை, விதி எல்லாம் சேர்ந்தது. உருக்கமாகவே சொன்னேன். அந்த மனிதர் இன்னமும் தனியாகத்தான் இருக்கிறார் என்றேன். அன்றைக்கு மட்டும் நான் கருப்பட்டிக்குப் பதில் வெல்லம் வாங்கியிருந்தால், என்று இழுத்து நிறுத்தினேன்.

"வெல்லமா?" என்றார் டீச்சர். "தென்காசியில எறங்கி அப்பாவே வாங்கித் தின்னுட்டாங்க சார். கோயிலுக்கு விடச் சொன்னாங்க. நேரமும் இருந்துச்சு. நான்தான் வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன்."

"ஏன்?"

"அவருதான்னு எனக்குத் தெரியும். போட்டோ பாத்திருந்தேம்லா, அந்த மூக்க மறைக்க முடியுமா? கார விடாட்டாப் போட்டும், அது அவரு வேல. நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லுவாரு, பின்னாலயே வாரேம்பாருன்னு கண்ணாடிய எறக்கி வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். டயரப் பாத்துக்கிட்டு, நீங்க போங்கன்னாரு." வெளியே மணி அடித்தது. எழுந்து, மேசைமேல் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டார். "போகச் சொன்னாரு, போயிட்டோம். நீங்க வேகத்தடைய எங்கன போடப் போறீங்க, அதச் சொல்லுங்க."